ஏர் சஸ்பென்ஷன் காரா? 'கம்ப்ரஸர் போச்சு' என்றால் உடனே பணத்தை எடுக்காதீர்கள்

பழைய சொகுசுக் கார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஏர் சஸ்பென்ஷன் கம்ப்ரஸர் மாற்ற என்னிடம் 62,000 ரூபாய் வாங்கினார்கள். கோளாறு அப்படியேதான் இருக்கிறது.

இரவு நேராக நிறுத்தும் வண்டி, காலையில் முன்பக்க இடது மூலையில் மட்டும் படுத்திருக்கும். ஸ்டார்ட் செய்தால் கம்ப்ரஸர் வெகுநேரம் இரைந்து மெல்லத் தூக்கும். ஸ்கேனரை மாட்டிப் பார்த்தவர், "கம்ப்ரஸர் வீக் சார்" என்று புதிதாக ஒன்றைப் போட்டார். கொஞ்ச நாளில் அதே மூலை மறுபடி இறங்கியது. போய்க் கேட்டால், "அது வேற கம்ப்ளெயின்ட் சார்" என்கிறார்கள்.

வேறெல்லாம் இல்லை. இந்த வண்டிகளில் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் சக்கரத்துக்கு ஒரு ரப்பர் காற்றுப்பை. கம்ப்ரஸர் காற்றை இழுத்து, டிரையரில் ஈரத்தை நீக்கி, வால்வ் பிளாக்குக்கு அனுப்பும். மூலைக்கு மூலை உயரத்தை சென்சார்கள் சொல்ல, கம்ப்யூட்டர் அந்தந்த வால்வைத் திறந்து காற்றை ஏற்றும் அல்லது வெளியே விடும். நாம் பட்டனை அழுத்தி உயர்த்துவதும், வேகம் எடுத்தால் வண்டி தானாகத் தாழ்வதும் இப்படித்தான். வேண்டிய உயரம் வந்ததும் வால்வ் மூடிவிடும், கம்ப்ரஸருக்கு ஓய்வு.

அதாவது, நிற்கிற வண்டியில் காற்றைப் பிடித்து வைப்பது கம்ப்ரஸர் அல்ல. அது செத்தால் வண்டி ஏறாது, அவ்வளவுதான். இரவோடிரவாக ஒரு மூலை இறங்கினால் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பக்கத்துப் பை, டியூப் இணைப்பு, வால்வ். அந்த லீக்கை ஈடுகட்ட ஓடி ஓடித்தான் கம்ப்ரஸரே கருகும். புதுசும் இப்போது அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது.

வேறொரு மெக்கானிக் வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சோப்புத் தண்ணீர் தெளித்தார். பை மடிகிற இடத்தில் குபுகுபுவென்று நுரை. இதற்கு ஸ்கேனரே தேவைப்படவில்லை!

முதல் ஒர்க்‌ஷாப் அடுத்து நீட்டிய யோசனை, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு சுருள் ஸ்பிரிங் போடுவது. அது புதிதல்ல, 1957இல் ஏர் சஸ்பென்ஷனோடு வந்த கேடிலாக் எல்டொராடோ ப்ரோமிலேயே லீக் தொல்லை தாங்காமல் பலர் அப்படி மாற்றினார்கள். ஆனால் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி போய்விடும். அதை மட்டும் அவர்கள் வாயே திறக்கவில்லை.

பழைய கம்ப்ரஸரைக் கேட்டேன், "ஸ்கிராப்ல போட்டாச்சு." பில்லில் பார்ட் நம்பர் கிடையாது, 'சஸ்பென்ஷன் ஒர்க்' என்று ஒரே வரி. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் தயாராகிறது; 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் கொடுக்க 2 ஆண்டு அவகாசம் உண்டு.

உங்கள் வண்டி இறங்கினால் இரவும் காலையும் வீல் ஆர்ச் உயரத்தை டேப்பால் அளந்து, போட்டோவோடு போங்கள். கழற்றும் பாகத்தைத் திருப்பித் தருவதாக முதலிலேயே எழுதி வாங்குங்கள். ஸ்டாண்டு வைக்காமல் நீங்களே வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டாம். காற்று இறங்கினால் மொத்த பாடியும் மேலே வந்து உட்காரும்.