உறைகரு டிரான்ஸ்ஃபருக்குப் போகிறவர்கள் புரோஜெஸ்ட்ரோன் ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள்

எனக்குச் செய்த இரண்டு எஃப்.இ.டி.யும், அதாவது உறைய வைத்த கருவைக் கர்ப்பப்பையில் வைக்கும் சிகிச்சை, நெகட்டிவ். "நீங்க சரியா ரெஸ்ட் எடுக்கலை" என்றார்கள் கருத்தரிப்பு மையத்தில். மாடிப்படி ஏறியதை, துணி துவைத்ததை எல்லாம் நினைத்து நினைத்து ஆறு மாதம் அழுதேன். அப்புறம்தான் தெரிந்தது, கரு தங்கக் கர்ப்பப்பையைத் தயார் செய்யும் ஹார்மோனான புரோஜெஸ்ட்ரோன் எனக்கு எவ்வளவு இருக்கிறது என்பதை அந்த மையம் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ஆனால் 'ஹார்மோன் டெஸ்ட்' என்று இரண்டு பில்லிலும் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

எனக்குச் செய்தது முழுக்க மருந்தை நம்பிய சைக்கிள். முதலில் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை. லைனிங், அதாவது கர்ப்பப்பையின் உள்சுவர், 8 மி.மீ. வந்ததும், பிறப்புறுப்புக்குள் வைக்கும் புரோஜெஸ்ட்ரோன் மாத்திரை 400 மி.கி. காலையும் இரவும். அதைத் தொடங்கிய ஆறாம் நாளில் கருவை வைத்தார்கள். இந்த முறையில் முட்டை வெடிக்காது. வெடித்த இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம்தான் இயற்கையாக புரோஜெஸ்ட்ரோனைச் சுரக்கும். அது இல்லாதபோது, வெளியிலிருந்து கொடுப்பதுதான் எல்லாமே. அதே மாத்திரை ஒருவருக்கு ரத்தத்தில் நன்றாக ஏறும், இன்னொருவருக்கு ஏறாது. டிரான்ஸ்ஃபர் சமயத்தில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 10 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் கர்ப்பம் தங்குவது குறைகிறது என்று பல ஆய்வுகளில் வந்திருக்கிறது.

இதையெல்லாம் சொன்னவர், வேறு ஊரில் நாங்கள் போய்ப் பார்த்த டாக்டர். ஃபைலைப் புரட்டியதும் முதலில் கேட்டதே, "புரோஜெஸ்ட்ரோன் எவ்வளவும்மா இருந்துச்சு?" என்றுதான். என்னிடம் பதில் இல்லை.

பழைய மையத்தில் ரிப்போர்ட் கேட்டேன். சிஸ்டர் டாக்டரைக் கை காட்டினார், டாக்டர் லேபைக் கை காட்டினார். மூன்றாவது தடவை போனபோது, "லைனிங் நல்லா இருந்ததால தேவைப்படலை" என்றார்கள். லைனிங் தடிப்பது ஈஸ்ட்ரோஜனால். ரத்தத்தில் புரோஜெஸ்ட்ரோன் எவ்வளவு என்று ஸ்கேன் காட்டாது. இந்தச் சாதாரண ரத்தப் பரிசோதனையை விட்டுவிட்டு, கரு வைக்க ஏற்ற நேரத்தைக் கணிக்க லைனிங்கில் துணுக்கு எடுத்துப் பார்க்கும் ஈ.ஆர்.ஏ. டெஸ்ட் எடுக்கச் சொல்லி மட்டும் விடாமல் வற்புறுத்தினார்கள். அந்த டெஸ்ட்டை வைத்து நேரம் குறித்துக் கரு வைத்தாலும் குழந்தை பிறப்பது கூடவில்லை என்று 2022இல் ஜாமா மருத்துவ இதழில் ஆய்வே வந்திருக்கிறது.

புது டாக்டரிடம் மூன்றாவது சைக்கிளில் பார்த்தபோது, அதே மாத்திரை, அதே அளவு, என் புரோஜெஸ்ட்ரோன் 6.4. அன்றே ஊசியும் சேர்த்தார்.

முதல் இரண்டும் இதனால்தான் போயின என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. கருவிலேயே கோளாறு இருந்திருக்கலாம். ஆனால் பார்த்திருந்தால் ஊசி போட்டிருக்கலாம், இல்லையென்றால் அந்த மாதம் கருவை உறைநிலையிலிருந்து எடுக்காமல் தள்ளியாவது வைத்திருக்கலாம். எங்களுக்கு அந்த வாய்ப்பையே தரவில்லை.

டிரான்ஸ்ஃபருக்கு முன்னாலேயே அளவைக் கேளுங்கள். வாயால் சொன்னால் விடாதீர்கள், லேப் தாளை வாங்குங்கள். புரோஜெஸ்ட்ரோன் போலவே வேலை செய்யும் டைட்ரோஜெஸ்ட்ரோன் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது இந்த டெஸ்ட்டில் தெரியாது, அதையும் டாக்டரிடம் பேசிக்கொள்ளுங்கள். நீங்களாக மருந்தைக் கூட்டிக் குறைக்க வேண்டாம்.

செய்யாத டெஸ்ட்டுக்கு வாங்கிய பணத்தைப் பற்றி, கருத்தரிப்பு மையங்களை ஒழுங்குபடுத்தும் 2021 ஏ.ஆர்.டி. சட்டப்படி மாநிலத்தில் இருக்கும் அதிகார அமைப்புக்கு பில் நகல்களோடு மனு அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் எழுதுகிறேன்.