குன்னூரில் ஒரு மாலை நேர ஆங்கில வகுப்பு: மூன்று மாதம் போய் வந்தவன் சொல்வது

குன்னூரில் டீத்தூளும் தைலமும் விற்கும் கடையில் வேலை பார்க்கிறேன். சீசனில் தமிழ் தெரியாதவர்கள்தான் அதிகம் வருவார்கள். அதனால் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மாடியில் நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன்.

பாடம் நடத்துகிற டீச்சருக்கு முழு மார்க் தரலாம். ஒருநாள் மாலை முழுக்க 'ஃபாண்ட்' (fond) என்ற ஒரே சொல்தான். "எனக்கு டீ பிடிக்கும், இதைச் சொல்லுங்க" என்றார். "ஐ ஃபாண்ட் டீ" என்றேன். பக்கத்துப் பெஞ்சுக்காரர் "ஐ ஆம் ஃபாண்ட் டு டிரிங்க் டீ" என்றார். இரண்டும் தப்பு. நம்முடைய 'பிடிக்கும்' வினைச்சொல், தனியாக நிற்கும். ஃபாண்ட் பெயரடை, முன்னால் ஆம், இஸ், ஆர் ஏதாவது வேண்டும். "மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுற ரயிலை எஞ்சின் பின்னாடி இருந்துதானே தள்ளுது? அந்த மாதிரி ஃபாண்டுக்குப் பின்னாடி 'ஆஃப்' வேணும்" என்றார். ஐ ஆம் ஃபாண்ட் ஆஃப் டீ. ஆஃபுக்குப் பின்னால் வினை வந்தால் டிரிங்க் இல்லை, டிரிங்கிங். 'ஃபாண்ட் மெமரீஸ்' போலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒட்டி வந்தால் மட்டும் ஆஃப் வேண்டாம்.

அடுத்த வாரமே கடைக்கு வந்த ஒரு வயதான அம்மா டீ பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "மை ஹஸ்பண்ட் வாஸ் ஃபாண்ட் ஆஃப் திஸ்" என்றார். அந்த 'வாஸ்' காதில் விழுந்தது. நாம் இறந்தவரைப் பற்றியும் 'அவருக்கு ரொம்பப் பிடிக்கும்' என்றுதான் சொல்வோம், சொல்லில் ஆள் போனது தெரியாது. ஒரு மாதம் முன்பாக இருந்தால் 'அடுத்த தடவை சாரையும் கூட்டிட்டு வாங்க' என்று சிரித்திருப்பேன். அன்றைக்கு "ஐ ஆம் சாரி, மேடம்" என்று மட்டும் சொன்னேன்.

சரி, குறைகள். பன்னிரண்டு பேர் என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டு இருபத்தாறு பேரை உட்கார வைத்தார்கள். நோட்ஸ் ஜெராக்ஸில் பாதி எழுத்து மை பூசிக் கிடக்கும். கரண்ட் போனால் அன்றைய வகுப்பு அவ்வளவுதான், ஈடு கிடையாது. ஏழரைக்கு விட வேண்டியதை எட்டுக்கு விட்டால் ஊருக்குப் போகிற பஸ் போய்விடும். மழையில் இரண்டு தடவை ஆட்டோவுக்குக் கொடுத்தேன்.

ஆபீசில் கேட்டதற்கு அடுத்த பேட்சிலிருந்து ஆட்களைக் குறைப்போம் என்றார்கள். ஃபாண்ட் என்பதற்கு அந்தக் காலத்தில் 'அசட்டுத்தனமான' என்று பொருளாம், 'ஃபாண்ட் ஹோப்' என்றால் நடக்காததை நம்பிக்கொண்டிருப்பது என்று டீச்சர் சொல்லியிருந்தார். புது பேட்ச் தொடங்கிவிட்டது. முப்பது பேர்.