பணம் கட்டிவிட்டேன், கணக்கு மூடவில்லை: பைக் கடனை முன்கூட்டியே முடிக்கப் போகிறவர்களுக்கு

மோட்டார் சைக்கிள் கடனைத் தவணைக்காலம் முடியும் முன்பே அடைத்துவிடலாம் என்று நினைத்திருப்பவர்கள் இதைக் கடைசிவரை படியுங்கள். ஒரே நாளில் முடியும் என்று நம்பி நான் இறங்கிய வேலை நான்கு மாதம் இழுத்தது. அதற்குள் வண்டியை வாங்க வந்தவன் கையைவிட்டுப் போனான். தவணை தவறியவன் என்று என் கடன் வரலாற்றில் ஏறியது. மிச்சமாகும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதி கட்டணங்களிலேயே கரைந்துபோனது.

நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. பெயர் தெரிந்தால் அந்த ஒரு வாசலை மட்டும் தவிர்ப்பீர்கள், அடுத்த வாசலில் இதே பள்ளம் இருக்கும்.

என் கடன் 36 தவணை. ஆண்டுக்கு 10% 'ஃப்ளாட்' வட்டி. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்வார்கள். பதினெட்டு தவணைகள் ஒன்றுகூடத் தவறாமல் போயிருந்தன. பிறகு வேலை இடம் மாறியது, வண்டிக்கு அவசியமில்லாமல் போனது. தெரிந்த பையன் ஒருவன் வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். அவனுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது, சொந்த வண்டி இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். "அண்ணா, மாதக் கடைசிக்குள் பெயர் மாற்றிக் கொடுத்துவிடுவீர்கள் அல்லவா?" என்று கேட்டு முன்பணமும் கொடுத்தான். கடனை முடித்து, தடையில்லாச் சான்று வாங்கி, பதிவுச் சான்றிதழிலிருந்து நிதி நிறுவனத்தின் பெயரை நீக்கினால்தான் வண்டி அவன் பெயருக்குப் போகும். அதற்கு ஒரு வாரம் தாராளம் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்தேன்.

நிறுவனத்துக்குப் போன் செய்து, இப்போது முடித்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டேன். "ஏறக்குறைய பதினாறு தவணைக்குச் சமமாக வரும் சார்" என்றார்கள். மீதமிருந்தது பதினெட்டு, ஆக இரண்டு தவணை மிச்சம். பணத்தைப் புரட்டிக்கொண்டு மூன்றாம் தேதி கிளை அலுவலகத்துக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்தவர் கணினியைப் பார்த்து, என் டோக்கன் சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு தொகையை எழுதி நகர்த்தினார். பதினேழேகால் தவணை! போனில் வேறு தொகை சொன்னார்களே என்றேன். "சிஸ்டம் இதைத்தான் காட்டுகிறது சார்." விவரம் அச்சிட்டுத் தாருங்கள் என்றேன். "அது தலைமை அலுவலகத்திலிருந்துதான் வரவேண்டும், ஒரு வாரம் ஆகும். அதற்குள் தொகை ஏறிவிடும். உங்கள் விருப்பம்."

அந்த 'உங்கள் விருப்பம்' என்ற சொல்லில்தான் விழுந்தேன். பையன் காத்திருக்கிறான், கையில் பணம் இருக்கிறது, ஒரு வாரம் தள்ளினால் இன்னும் கூடும் என்கிறார்கள். கட்டிவிட்டேன். வங்கிக் கணக்கைத் துடைத்து எடுத்துத்தான் கட்டினேன்.

கொடுத்த ரசீதை அப்போது படித்திருக்க வேண்டும். சூட்டில் எழுத்து அழிந்துபோகும் அந்த வழுவழுப்பான தாளில் கடன் எண், தொகை, தேதி எல்லாம் சரியாக இருந்தன. 'வரவு வகை' என்ற இடத்தில் மட்டும் 'கடன் முடிப்பு' என்று இருக்கவில்லை, 'பொது வரவு' என்று இருந்தது. இரண்டே சொற்கள். அவர்களுடைய கணக்கில் அதற்குப் பொருள், இவர் ஏதோ பணம் கட்டியிருக்கிறார், கடன் தொடர்கிறது என்பதுதான்.

கடன் தொடர்ந்ததால் ஐந்தாம் தேதி பத்தொன்பதாவது தவணைக்கு வங்கியைத் தட்டினார்கள். கணக்கில் பணமில்லை, திரும்பியது. திரும்பியதற்கு வங்கி ஒரு கட்டணம் பிடித்தது, நிதி நிறுவனம் தன் பங்குக்கு இன்னொன்று போட்டது, அதன்மேல் தாமத வட்டி வேறு. தடையில்லாச் சான்றுக்காகப் பத்து நாள் கழித்துப் போனபோது, "உங்கள் கணக்கில் நிலுவை இருக்கிறது, சான்று தர முடியாது" என்றார்கள். முழுக்கடனையும் கட்டிய மனிதனிடம் நிலுவை! அடுத்த வாரம் வசூல் ஆள் போன் செய்தான். பதினெட்டு மாதம் ஒழுங்காகக் கட்டியவனை ஒருமையில் அழைத்து, வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டான். அந்தக் குரலை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

பையன் மூன்று வாரம் பொறுத்தான். பிறகு வந்து, "தப்பாக நினைக்காதீர்கள் அண்ணா" என்று சொல்லி முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனான். அவன் அந்த வேலையில் சேர முடிந்ததா என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

இனி கணக்குக்கு வருகிறேன். பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இங்கேதான், நானும் அதில் ஒருவன். பாதித் தவணை கட்டியாகிவிட்டது, எனவே பாதிக் கடன்தான் மீதி என்று மனம் சொல்லும். அது சரியல்ல. 10% ஃப்ளாட் என்றால், நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் மூன்று வருடமும் முழுக்கடனுக்கே வட்டி போடுகிறார்கள் என்று பொருள். 100 கடனுக்கு 30 வட்டி. குறையும் அசலின் மேல் கணக்கிட்டால் அது ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 18% ஆகிறது. கடன் வாங்கும்போது இந்த இரண்டாவது எண்ணை யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. நீங்களே கேட்க வேண்டும்.

என் 36 தவணைகளில் வட்டியின் பங்கு சுமார் எட்டேகால் தவணை. அதில் ஆறு தவணை அளவுக்கான வட்டி முதல் பாதியிலேயே போய்விட்டது. தொடக்கத்தில் அசல் பெரிதாக இருப்பதால் வட்டியும் அதிகமாகப் பிடிக்கும், அது நியாயமான கணக்குதான். ஆகவே பதினெட்டு தவணைக்குப் பிறகு என் உண்மையான பாக்கி சுமார் பதினைந்தே முக்கால் தவணை. போனில் சொன்ன பதினாறு என்பது, அந்த மாத வட்டியையும் சேர்த்தால், உண்மைக்கு வெகு அருகில்தான் இருந்தது. மீதிதான் கவுண்டரில் ஏறியது.

சில ஒப்பந்தங்களில் 'எழுபத்தெட்டு விதி' என்று ஒன்று உண்டு. ஒன்று முதல் பன்னிரண்டு வரை கூட்டினால் 78 வரும். ஓராண்டுக் கடனில் முதல் மாதம் மொத்த வட்டியில் 78இல் 12 பங்கு, அடுத்த மாதம் 11 பங்கு என்று முன்பாரமாக வட்டியைப் பிரிக்கும் முறை இது. கடன் நீளமாக நீளமாக, முன்கூட்டியே முடிப்பவருக்கு இதனால் இழப்பு கூடும். அமெரிக்காவில் 61 மாதங்களுக்கு மேற்பட்ட நுகர்வோர் கடன்களுக்கு இதை 1992இல் சட்டம் போட்டே தடுத்தார்கள். பிரிட்டனும் 2005இல் இதைக் கைவிட்டு வேறு கணக்கீட்டு முறைக்கு மாறியது. உங்கள் ஒப்பந்தத்தில் எந்த முறை எழுதியிருக்கிறது என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே பாருங்கள். என் கடனில் இது இல்லை. என்னைக் கவிழ்த்தவை கட்டணங்கள்.

இரண்டு மாதம் அலைந்து நான் வாங்கிய கணக்கு விவரத்தில் அந்தக் கூடுதல் தொகை பிரிந்து கிடந்தது. முன்முடிப்புக் கட்டணம் மீதி அசலில் 5%. இது ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது, கையெழுத்துப் போட்டவன் நான்தான், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் 'ஆவணக் கட்டணம்' என்று ஒன்று, 'வசூல் செலவு' என்று இன்னொன்று. அதுவரை ஒரு நாள்கூட யாரும் வசூலுக்கு வந்ததில்லை! இந்த இரண்டுக்கும் ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. கேட்டபோது பதிலும் இல்லை.

அதே தாளில்தான் இன்னொன்றையும் கண்டேன். கடன் கொடுத்த நாளில், கடன் பாதுகாப்புக் காப்பீடு என்று மூன்று வருடத்துக்கான பிரீமியத்தைக் கடன் தொகையோடு சேர்த்திருந்தார்கள். அந்தப் பிரீமியத்துக்கும் நான் வட்டி கட்டியிருக்கிறேன். கடன் பாதியில் முடிந்தால் மீதிக் காலத்துக்கான பிரீமியத்தைத் திருப்பித் தரும் பாலிசிகள் உண்டு. கேட்டால்தான் தருவார்கள். என்னுடையது அப்படிப்பட்டதுதான், கேட்ட பிறகுதான் வந்தது.

வசூல் ஆள் ஒருமுறை, "வண்டியை விட்டுவிடுங்கள், கடன் முடிந்துவிடும்" என்றான். தயவுசெய்து இதை நம்பாதீர்கள். பிரிட்டனில் 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டப்படி, தவணைக் கொள்முதலில் மொத்தத் தொகையில் பாதியைக் கட்டியவர் வண்டியைத் திருப்பிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். அப்படி ஒரு சட்டமோ ஒப்பந்தத்தில் அப்படி ஒரு ஷரத்தோ இல்லாத இடத்தில், வண்டியை ஏலம் விடுவார்கள், ஏலத்தில் வந்தது போக மீதியை உங்களிடமே கேட்பார்கள். வண்டியும் போய்க் கடனும் நிற்கும்.

எனக்கு வேலை நடந்தது நேரில் போவதை நிறுத்தி எழுத்தில் கேட்கத் தொடங்கிய பிறகுதான். குறைதீர்ப்பு அதிகாரியின் முகவரி ஒப்பந்தத்திலேயே இருந்தது. ரசீதின் நகல், வங்கி அறிக்கை இரண்டையும் இணைத்து, எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினேன், எந்தக் கட்டணம் ஒப்பந்தத்தில் இல்லை என்பதை மட்டும் ஒரே பக்கத்தில் எழுதி, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தோடு கொடுத்தேன். கவுண்டரில் பத்து முறை கத்தியும் அசையாத கணக்கு, அந்தக் கடிதத்துக்குப் பதினெட்டாம் நாள் மூடப்பட்டது. ஒப்பந்தத்தில் இல்லாத இரண்டு கட்டணங்களும் நிறுவனம் போட்ட தாமத வட்டியும் திரும்பி வந்தன. வங்கி பிடித்தது வரவில்லை.

நீங்கள் போகும்போது முதலில் முடிப்புத் தொகையை எழுத்தில் வாங்குங்கள். எந்தத் தேதிவரை அந்தத் தொகை செல்லும், அதில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, ஒவ்வொரு கட்டணமும் எவ்வளவு என்பது அதில் இருக்க வேண்டும். தர ஒரு வாரம் ஆகும் என்றால் ஒரு வாரம் காத்திருங்கள். ஒரு வார வட்டி நான் இழந்ததில் ஒரு துளிகூட இல்லை. தவணைத் தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்பு போகாதீர்கள். தவணை எடுத்த மறுநாள் போனால், அடுத்த பற்றுக்கு முன் கணக்கை மூட ஒரு மாத அவகாசம் கிடைக்கும். ரசீதில் 'கடன் முடிப்பு' என்ற சொல் இருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். கணக்கு மூடியாயிற்று என்ற கடிதம் கைக்கு வந்த பிறகே வங்கியில் தானியங்கிப் பற்றை நிறுத்துங்கள், அதுவரை ஒரு தவணைப் பணம் கணக்கில் கிடக்கட்டும். சான்று வாங்கி இரண்டு மாதம் கழித்து உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். என்னுடையதில் 'தவணை தவறியது' என்ற பதிவை நீக்க இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருந்தது.

தடையில்லாச் சான்று நான்காம் மாதம் தபாலில் வந்தது. பிரித்து, பதிவுச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். சேஸிஸ் எண்ணில் 8 இருக்க வேண்டிய இடத்தில் 3 இருந்தது. அன்றைக்கே திருப்பி அனுப்பினேன். ஒன்பது நாளில் சரியான சான்று வந்தது. நேற்றுதான் பெயர் நீக்க விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.