ரெண்டு வருஷ கேப்புக்கு அப்புறம் கவுச் டு 5கே ஓட்டப் பயிற்சி: என்னோட ரிவ்யூ

ஒரு காலத்துல 10 கிலோமீட்டர் அசால்ட்டா ஓடுன ஆளு நான். அப்பாவுக்கு உடம்பு முடியாம போனதுல இருந்து ஆஸ்பத்திரி, வேலை, வீடுனு ரெண்டு வருஷம் போனதே தெரியல, ஷூ கட்டிலுக்கு அடியில தூசி புடிச்சு கெடந்துச்சு. அவருக்கு இப்பவும் முழுசா சரியாகல. ஆனா ராத்திரியெல்லாம் தூக்கம் வராம மோட்டுவளைய பாத்துட்டு கெடக்குறதுக்கு, காலையில கொஞ்சம் ஓடித்தான் பாப்போமேனு தோணுச்சு.

பழைய நெனப்புல எடுத்ததுமே 5 கிலோமீட்டர். மூணாவது நாளே ரெண்டு கால்லயும் முன் எலும்பு ஓரமா சுரீர்னு வலி. மூச்சு சீக்கிரமா பழைய நெலமைக்கு வந்துடும், எலும்பும் தசைநாரும் அவ்ளோ வேகமா வராது, அதான் பழைய ஆளுங்க மறுபடி ஆரம்பிக்கும்போது மாட்டிக்கிறது.

அப்புறம்தான் வெக்கத்த விட்டுட்டு கவுச் டு 5கே எடுத்தேன், அதாவது சோபாவுல உக்காந்தே கெடக்குற ஆள 5 கிலோமீட்டர் ஓட வெக்கிற பயிற்சி. 1996ல ஜோஷ் கிளார்க்னு ஒருத்தர் அவங்க அம்மா மாதிரி புதுசா ஓட வர்றவங்கள மனசுல வெச்சு போட்ட பிளான். 9 வாரம், வாரத்துக்கு 3 நாள். முதல் வாரம் 5 நிமிஷம் வேகமா நடந்துட்டு, 60 செகண்ட் ஓட்டம் 90 செகண்ட் நடைனு மாத்தி மாத்தி 20 நிமிஷம், அவ்ளோதான். இதெல்லாம் ஒரு ஓட்டமானு சிரிச்சேன். ஆனா எனக்கு இதுல ரொம்ப புடிச்சதே, நான் எதையும் முடிவு பண்ண வேணாம்ங்கறதுதான். நாள் பூரா டாக்டர்ட்ட என்ன கேக்கணும், லீவு எப்படி சொல்லணும்னு மண்டை காஞ்சு கெடக்கும்போது, போன் ஆப்புல இருந்து காதுல ஒரு குரல் "இப்ப ஓடு, இப்ப நட"ன்னு சொன்னா அதுவே பெரிய ரெஸ்ட்டுங்க.

கொறை இல்லாம இல்ல. அஞ்சாவது வாரம் ரெண்டாவது நாள் எட்டு எட்டு நிமிஷமா நடுவுல நடை விட்டு ஓட விட்டுட்டு, மூணாவது நாளே 20 நிமிஷம் நிக்காம ஓடுங்குது. நான் 13 நிமிஷத்துல உக்காந்துட்டேன், அந்த வாரத்தையே திரும்ப பண்ணித்தான் தாண்டுனேன். (பேசிட்டே ஓட முடியுற வேகத்துல ஓடியிருந்தா மொதல் தடவையே முடிஞ்சிருக்கும், அவசரப்பட்டது நான்தான்.) அப்புறம் பேருதான் 5கே, கடைசி வாரத்துல 30 நிமிஷம் ஓடுனாலும் நெறைய பேருக்கு 5 கிலோமீட்டர் வராது.

பிளான விட ஆப்தான் கடுப்பு. நான் போட்ட ஆப் பேரு வேணாம், நாலு நாள் போகலன்னா "உங்க தொடர் சாதனை போச்சு"ன்னு அழுவுற பொம்மைய அனுப்புது. ஐசியூ வாசல்ல உக்காந்திருக்கும்போது அது வந்துச்சு பாருங்க, போன தூக்கி எறியலாம்னு இருந்துச்சு. போட்டதும் முதல் வேலையா நோட்டிஃபிகேஷன ஆஃப் பண்ணிடுங்க.

புதுசா வர்றவங்களும் சரி, என்ன மாதிரி விட்டுட்டு வர்றவங்களும் சரி, கண்ண மூடிட்டு எடுக்கலாம், என் மார்க் அஞ்சுக்கு நாலு. எனக்கு நெசத்துல இது 14வது வாரம், பிளான்படி எட்டாவது. நாளைக்கு 28 நிமிஷம் ஓடணும், ஆனா அப்பாவுக்கு ஸ்கேன் இருக்கு, அதனால வியாழக்கிழமைக்கு தள்ளியாச்சு.