கீமோவுக்கு முன்: முட்டையா, கருவா, சினைப்பைத் திசுவா?

என் சித்தி மகளுக்கு 27 வயதில் மார்பகப் புற்றுநோய். கீமோ தேதி குறித்த பிறகு அவளேதான் கேட்டாள்: “அப்புறம் எனக்குக் குழந்தை பிறக்குமா டாக்டர்?” அதுவரை அந்தப் பேச்சை யாருமே எடுக்கவில்லை. சைக்ளோபாஸ்பமைடு போன்ற கீமோ மருந்துகள் சினைப்பையில் இருக்கும் முட்டைகளை அழிக்கக்கூடியவை. அதனால் எதைச் சேமிப்பதானாலும் முதல் கீமோவுக்கு முன்பே சேமிக்க வேண்டும்.

முட்டையை உறைய வைத்தாலும் கருவை உறைய வைத்தாலும் பாடு ஒன்றுதான். பத்துப் பன்னிரண்டு நாள் வயிற்றில் ஊசி, பிறகு மயக்கம் கொடுத்து முட்டையை எடுப்பார்கள். மாதவிடாய்க்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, எந்த நாளிலும் தொடங்கலாம். மார்பகப் புற்றுநோய் என்றால் ஈஸ்ட்ரோஜன் ஏறாமலிருக்க லெட்ரோசோல் மாத்திரையும் உண்டு. முன்பு முட்டையை உறைய வைத்தால் உள்ளே பனிப்படிகம் உருவாகிச் சிதைந்துவிடும். அதிவேக உறையவைப்பு வந்தபின் அந்தக் குறை பெருமளவு நீங்கிவிட்டது. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2012-லேயே இதைச் சோதனை முறை என்ற பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

கரு என்பது அவள் முட்டையும் கணவரின் விந்தும் சேர்ந்து உருவாவது, இருவருக்கும் சொந்தம். நாளைக்குக் கணவன் மனைவி பிரிந்தால் அதைப் பயன்படுத்தக் கணவரின் சம்மதமும் வேண்டும். முட்டை அவளுக்கு மட்டுமே சொந்தம். கல்யாணமான பெண்ணும் சில முட்டைகளைத் தனியாக வைத்துக்கொள்வதே நல்லது என்பேன்.

இரண்டு வாரம் பொறுக்க முடியாத நோய் என்றால்? வயதுக்கு வராத சிறுமி என்றால்? அங்கேதான் சினைப்பைத் திசு கைகொடுக்கிறது. லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளை வழியாகச் செய்யும் அறுவைச் சிகிச்சையில், சினைப்பையை எடுத்து, அதன் மேலடுக்கை ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சின்னச் சின்னக் கீற்றுகளாக்கி, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைப்பார்கள். திரும்பப் பொருத்தினால் முட்டையோடு ஹார்மோனும் வரும், மாதவிடாயும் திரும்பலாம். இப்படி முதல் குழந்தை 2004-ல் பெல்ஜியத்தில் பிறந்தது. ரத்தப் புற்றுநோயில் மட்டும் கவனம் தேவை: அந்தத் திசுவுக்குள்ளேயே புற்றணுக்கள் ஒளிந்திருக்கலாம்.

கீமோவோடு மாதாமாதம் போடும் கோசெரெலின் ஊசி, சினைப்பையைத் தற்காலிகமாக ஓய்வில் வைக்கும் மருந்து, கூடுதல் துணைதான். அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். ஆண்களுக்கு விந்துச் சேமிப்பு ஓரிரு நாள் வேலை. வயதுக்கு வந்த பையன்களிடமும் கூச்சப்படாமல் இதைச் சொல்லியாக வேண்டும்.

தங்கைக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, முட்டையைத்தான் தேர்ந்தெடுத்தாள். புற்றுநோய் மருத்துவர் இரண்டு வாரம் தள்ளிப்போடச் சம்மதித்தார். ஒன்பது முட்டைகள் கிடைத்தன. வருடா வருடம் சேமிப்புக் கட்டணம் கட்டியதும் ரசீதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள்.