வேலூர் ஞாயிறு சவாரிக்கு ஹைபிரிட் சைக்கிள்: எங்கே உதவும், எங்கே உதைக்கும்

சைக்கிள் கடைக்குள் நுழைகிறவரின் கை முதலில் போவது, முன்னால் ஸ்பிரிங் ஃபோர்க்கும் பெருத்த முண்டு டயரும் வைத்த மலை சைக்கிள் பக்கம். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் ஞாயிறு விடியலில் திருவலம் வரை போய் இட்லி சாப்பிட்டுத் திரும்ப நினைப்பவருக்கு அந்த ஸ்பிரிங் வெறும் சுமை. மலிவு விலை ஸ்பிரிங் ஃபோர்க் தனியாகவே இரண்டு கிலோவுக்கு மேல் வரும். மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் அமுங்கி அமுங்கி மிதிப்பில் ஒரு பங்கைத் தானே தின்றுவிடும். மறுகோடியில் 25 மி.மீ. டயர் போட்ட ரோடு பைக் நிற்கும். ஜல்லி பெயர்ந்த கிராமத்துத் தார்ச்சாலையில் அதை ஓட்டினால் சைக்கிளைவிட மணிக்கட்டு முதலில் களைத்துப்போகும்.

இரண்டுக்கும் நடுவே இருப்பது ஹைபிரிட். 15,000 முதல் 20,000 ரூபாய்க்குள் பல கம்பெனிகள் ஏறக்குறைய ஒரே அமைப்பில் விற்கிறார்கள்: 700×38 டயர் (38 மி.மீ. அகலம்), ஸ்பிரிங் இல்லாத ஸ்டீல் ஃபோர்க், ஷிமானோ டூர்னி வகை 3×7 கியர், ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக். வேலூரைச் சுற்றி 20 முதல் 50 கி.மீ. வரையிலான வாராந்திர ஓட்டத்துக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம். பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டிக் கொடுத்தபடியே ஓட்டுவதுதான் தவறு.

முதலில் கியர். 21 கியர் என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை, பல் கணக்கைப் பாருங்கள். முன்னால் 48-38-28 அல்லது 42-34-24; பின்னால் 14 முதல் 28 பல் வரை ஏழு சக்கரம். 38 பல் நடுச் சக்கரத்தில் செயினைப் போட்டு, பின்னால் 20 பல்லில் வைத்து நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 17 கி.மீ. சொச்சம் வரும். வேலூரின் சமதளத்துக்கு அதுவே போதும். காலும் கனக்காது, பேச்சும் தடைப்படாது. புதியவர்கள் செய்கிற தவறு, வேகம் வேண்டும் என்று 48-14-இல் போட்டு நிமிடத்துக்கு 40 சுற்று அழுத்தி மிதிப்பது. பத்தாவது கிலோமீட்டரில் முழங்கால் முன்பக்கம் வலிக்கும். பழியைச் சீட்டின் மேல் போடுவார்கள்.

மேடேற 28-க்கு 28 என்றால், நிமிடத்துக்கு 60 சுற்றில் மணிக்கு 8 கி.மீ.க்குச் சற்றுக் கீழே. முன்னால் 24 பல் இருந்தால் அதே மிதிப்பில் 6.7 கி.மீ. வித்தியாசம் சின்னதாகத் தெரியும். கணியம்பாடியிலிருந்து பிரிந்து அமிர்தி போகும்போது புரியும். இரண்டு மாடல் ஒரே விலை என்றால் 42-34-24 உள்ளதையே எடுங்கள். 48 பல்லைப் பயன்படுத்துகிற வேகத்தில் புதியவர் யாரும் ஓட்டப் போவதில்லை.

வாங்கும் இடத்திலேயே பத்து நிமிடம் நின்று பார்க்க வேண்டியவை உண்டு. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை முன்னும் பின்னும் அசையுங்கள். 'டக் டக்' என்று உணர்ந்தால் கழுத்து பேரிங் தளர்வு. சக்கரத்தைக் கழற்றச் சொல்லி அச்சை விரலால் உருட்டிப் பாருங்கள். மணல் அரைவதுபோல் இருந்தால் கோன், அதாவது பேரிங்கை அழுத்திப் பிடிக்கும் அச்சு நட்டு, அளவுக்கு மேல் இறுக்கப்பட்டிருக்கிறது. பூட்டுவதில் அடிக்கடி நடக்கும் குறை இதுதான். நான்கைந்து மாதத்தில் பேரிங் பாதையே குழிந்துவிடும். இடது பெடலின் மரை எதிர்த்திசை, இறுக்குவதற்கு இடப்பக்கம் திருப்ப வேண்டும். அவசரத்தில் கோணலாக ஏற்றி மரையைத் தின்ன வைத்துவிட்டால் கிராங்கையே, அதாவது பெடலைத் தாங்கும் கையையே, மாற்ற நேரிடும். பெடல் கிராங்கோடு பட்டையாக ஒட்டி நிற்கிறதா, மரையில் கிரீஸ் தடவியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த சிக்கல் முதல் 100 கி.மீ.க்குள் வரும். புது கியர் ஒயரின் உறை அமர அமர ஒயர் தளரும். பெரிய பல்லுக்கு ஏற மறுத்துச் செயின் 'கரகர' என்று தயங்கும். பின் கியர் மாற்றியில், கடைக்காரர் சொல்லில் டிரெய்லரில், ஒயர் நுழையும் இடத்தில் ஒரு சின்ன உருளைத் திருகு இருக்கும். அதை இடப்பக்கமாக அரைச் சுற்று திருப்பி ஓட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னும் அரைச் சுற்று. பக்கத்தில் உள்ள இரண்டு குட்டித் திருகுகளைத் தொடாதீர்கள். அவை செயின் எல்லை தாண்டாமல் காப்பவை. தப்பாகத் திருப்பினால் செயின் ஸ்போக் கம்பிக்குள் பாயும். அதே சமயத்தில் இடது கிராங்க் போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும். சதுர அச்சில் ஏற்றிய கிராங்க் ஓட ஓடத் தளரும். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு 'கிளிக்' கேட்டால் அதுதான். அப்படியே விட்டால் சதுரத் துளை உருண்டையாகிவிடும், பிறகு இறுக்கிப் பயனில்லை.

இனி சாலை. முதல் இரண்டு வாரம் கோட்டையை விட்டு வெளியே போக வேண்டாம். 133 ஏக்கர் வளாகத்தின் உள்சாலைகள் சமதளம். காலை நடைப்பயிற்சிக்காரர்களுக்கு வழிவிட்டு மெதுவாக ஓட்டினால் கியர் மாற்றவும் ஒரு கையால் ஓட்டவும் பழகலாம். சீட் உயரத்தையும் அங்கேயே சரி செய்யுங்கள்: குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே வரும்போது முழங்கால் முழுதாக நீள வேண்டும். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதி பெடலில் இருக்கும் என்பதால் தேவையான சிறு மடிப்பு தானாக வந்துவிடும். கால் தரையில் ஊன்ற வேண்டும் என்று சீட்டை இறக்கி ஓட்டுவதுதான் நம் ஊர்ப் பழக்கம். முழங்காலுக்கு அது ஆகாது; நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழகுங்கள்.

ஹைபிரிட்டுக்கு ஏற்ற முதல் நிஜ ஓட்டம் காட்பாடி வழியாகத் திருவலம், வேலூரிலிருந்து போக வர 30 கி.மீ. அளவு. கிரீன் சர்க்கிளை 6 மணிக்கு முன்பே தாண்டிவிட வேண்டும். அதன் பிறகு லாரியும் பேருந்தும் சேர்ந்துகொள்ளும். பாலாற்றுப் பாலத்தில் சிமெண்டுப் பலகைகள் சேரும் இடைவெளிகளைக் கவனித்து நேராகக் கடக்க வேண்டும். காட்பாடி ரயில்வே மேம்பாலம்தான் முதல் ஏற்றம். ஏறத் தொடங்கும் முன்பே சின்ன கியருக்கு மாறிவிடுங்கள். பாதி மேட்டில் அழுத்தி மிதித்துக்கொண்டே முன் கியரை மாற்றினால் செயின் கழன்று விழும். பின்னால் பேருந்து ஹாரன் அடிக்கும். பிரம்மபுரம், சேவூர் தாண்டினால் நெரிசல் குறையும். திருவலத்தில் வில்வநாதேஸ்வரர் கோயிலும் பொன்னை ஆற்றின் இரும்புப் பாலமும் இளைப்பாறத் தோதான இடங்கள்.

இந்த ஓட்டத்தில் ஒரு பொறி உண்டு. ஆனி, ஆடியில் மேற்குக் காற்று பாலாற்றுப் பள்ளத்தாக்கு நெடுக வீசும். திருவலம் கிழக்கே இருக்கிறது. போகும்போது முதுகில் தள்ளும் காற்று 'இவ்வளவு வேகமாக ஓட்டுகிறோமே' என்று ஏமாற்றும்; திரும்பும்போது, வெயிலும் ஏறிய நேரத்தில், அதே காற்று முகத்தில் அறையும். அந்த மாதங்களில் மேற்கே விரிஞ்சிபுரம் போவது நல்லது. களைக்கும் முன் எதிர்க்காற்றை முடித்துவிட்டு, வீடு திரும்பும்போது அதன் தயவில் வரலாம். மதிலழகுக்குப் பேர்போன மார்க்கபந்தீஸ்வரர் கோயிலைச் சுற்றிவரவும் காலை நேரம்தான் சுகம். ஒரே குறை, அந்தப் பக்கம் சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையைத் தொடாமல் போவது கடினம். சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வரும் வண்டிகளை எதிர்பார்த்தே ஓட்டுங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் வெடித்த லாரி டயரின் மெல்லிய கம்பித் துண்டுகள் கிடக்கும், சைக்கிள் டயருக்குள் ஊசிபோல் இறங்கும்.

தொரப்பாடி, அரியூர் வழியாக ஸ்ரீபுரம் போய் வருவது 20 கி.மீ.க்குள் முடியும். பொற்கோயிலுக்கு வரும் வேன்கள் 8 மணிக்குமேல் சாலையை எடுத்துக்கொள்ளும் என்பதைத் தவிரக் குறையில்லை. ஊசூர், அணைக்கட்டு வரை நீட்டினால் மலையோரக் காட்சி உபரி. அமிர்திக்கு ஒரு மாதப் பழக்கத்துக்குப் பிறகு போகலாம்: போக வர 50 கி.மீ., ஜவ்வாது மலை அடிவாரம் நோக்கிச் சாலை தெரியாமலே ஏறும். ஏற்றம் கண்ணுக்குத் தெரியாததால் 'பிரேக் உரசுகிறதோ' என்று இறங்கிப் பார்ப்பவர்கள் உண்டு. திருவலத்திலிருந்து வடக்கே மேல்பாடி, வள்ளிமலை இன்னொரு நல்ல ஓட்டம். மேல்பாடியில் சோழ மன்னன் அரிஞ்சயனுக்காக ராஜராஜன் எடுப்பித்த பள்ளிப்படைக் கோயிலையும் (மறைந்த மன்னனின் நினைவாக எழுப்பியது) வள்ளிமலைமேல் சமணச் சிற்பங்களையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். அதற்கு உறுதியான பூட்டு வேண்டும், மலைப்படியில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை இந்தச் சைக்கிளில் ஏறலாம், ஆனால் பின்னால் 28 பல்லோடு வேண்டாம். ஃப்ரீவீலை, அதாவது பின் பல்சக்கரத் தொகுதியை, 14–34 ஆக மாற்றிக்கொண்டு, செயின் நீளத்தையும் சரிபார்த்த பிறகு.

டயர்தான் இந்த ஊரில் சைக்கிளின் விதியை எழுதுகிறது. அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அந்த முள் ஒன்றும் செய்யாது. குத்துவது சீமைக் கருவேலம். ஏரிக்கரையிலும் பாலாற்றங்கரையிலும் வண்டியை ஓரம் கட்டும்போதுதான் ஏறும். பஞ்சர் ஆனதும் டியூபை மட்டும் மாற்றினால் அரை மணி நேரத்தில் மறுபடி காற்று இறங்கும், காரணம் முள் நுனி டயருக்குள்ளேயே முறிந்து நிற்பது. டயரின் உட்பக்கம் முழுக்க ஒரு துணியை வைத்து இழுங்கள், மாட்டும் இடத்தில் முள். வெளியே தள்ளி எடுங்கள். ஒட்டுப்போடும்போது டியூபை உப்புத்தாளால் தேய்த்து, பசையை மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவு உலரும் வரை ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். ஈரப் பசையில் ஒட்டியது சித்திரை வெயிலில் உரிந்து வரும்.

வாங்கும்போதே வால்வைப் பாருங்கள். மோட்டார் பைக்கில் இருப்பது போன்ற தடித்த வால்வு இருந்தால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்று பிடிக்கலாம். மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் அணைக்கட்டில் மாட்டிக்கொண்டு விழிக்க வேண்டியதுதான். 700 அளவு டியூப் கிராமத்துக் கடையில் கிடைப்பது அரிது என்பதால் இரண்டு டியூப் கையில் இருக்கட்டும். அதுவும் தீர்ந்துபோனால், பழைய கறுப்பு சைக்கிளின் 28×1½ டியூப் தடித்த வால்வுத் துளை உள்ள ரிம்மில் வீடு வந்து சேரும்வரை தாங்கும். கூடவே பிளாஸ்டிக் லீவர் இரண்டு, சின்ன பம்ப், 5 மி.மீ. எல்-கீ. அச்சு நட்டு வைத்த சக்கரம் என்றால் 15 மி.மீ. ஸ்பானரும் வேண்டும், அதை மறந்தால் டியூப் இருந்தும் சக்கரத்தைக் கழற்ற முடியாது. 70 கிலோ எடையுள்ளவருக்கு டயர் காற்றழுத்தம் முன்னால் 50, பின்னால் 60 பி.எஸ்.ஐ. சரி, டயர் ஓரத்தில் அச்சிட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. விடியலில் நிரப்பிய 60, உச்சி வெயிலில் ஐந்து பி.எஸ்.ஐ. வரை கூடும், அதற்கு இடம் விடுங்கள். பெட்ரோல் பங்க் காற்றுக் குழாய் பெரிய டயர்களுக்கானது, ஒரு நொடி ஒரு நொடியாகத்தான் விட வேண்டும்.

பிரேக்கில் டிஸ்க் இல்லையே என்று வருந்த வேண்டாம். ஒயரில் இழுக்கும் மலிவு டிஸ்க்கில் பெரும்பாலும் ஒரு பக்கக் கட்டை மட்டுமே நகரும். மற்றதை அடிக்கடி திருகி நெருக்காவிட்டால் தகடு வளைந்து உரசும். வி-பிரேக் கட்டையைக் கண்ணால் பார்த்தே தேய்மானம் சொல்லலாம், எந்த மெக்கானிக்கும் மாற்றித் தருவார். மழையில் பிடிப்பு குறையும். ஐப்பசியில் ஓட்டினால் முன்னதாகவே லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

விலையோடு வராத செலவையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்: ஹெல்மெட், முன்னும் பின்னும் விளக்கு, தண்ணீர் பாட்டில் கூண்டு, மட்கார்டு. கோடையில் மணிக்கு 750 மி.லி. தண்ணீர் கணக்கு, ஒரு பாட்டிலில் உப்பும் எலுமிச்சையும். செயினுக்கு 150 கி.மீ.க்கு ஒருமுறை இணைப்புக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் பாலாற்றுத் தூசி அதில் ஒட்டி அரைக்கும். தேய்மானம் பார்க்கத் தனிக் கருவி தேவையில்லை. தையல்காரர் டேப்பில் 12 அங்குலத்துக்குச் சரியாகச் செயின் இணைப்பின் ஒரு ஊசியிலிருந்து இன்னொரு ஊசி வர வேண்டும். ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். அதன் இருமடங்கு நீண்டபின் போனால் ஃப்ரீவீலுக்கும் சேர்த்துப் பணம் எடுத்துவையுங்கள்.