பேசாத ட்வீட்டர், பொய் வாட்: ரிச்சி தெருவில் 4,400 ரூபாய்க்கு நான் வாங்கிய ஸ்பீக்கர் செட்

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஐயாயிரத்துக்குள் ஒரு ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி), இரண்டு ஸ்பீக்கர் பெட்டி என்று ஸ்டீரியோ செட் போடலாம் என நினைத்து, எலக்ட்ரானிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குக் கிளம்புகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன மாதம் அங்கே ஒரு கடையில் நான் ஏமாந்தேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது நடக்கட்டும். அதே தெருவில் இன்னொரு கடைக்காரர்தான் எனக்கு உதவினார் என்பதால், தெருவையே குறை சொல்லவும் மனமில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதைத்தான் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

செட் அப்பாவுக்காக. தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் வாசித்த நாகஸ்வரக் கச்சேரிகளை, எண்பதுகளில் அப்பா ஒரே ஒரு மைக்கை வைத்து கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். முப்பத்தொரு கேசட். அவற்றை எல்லாம் ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி முடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. மானிட்டரோடு வந்த ஸ்பீக்கரில் கேட்டால் தவில் தகர டப்பாவைத் தட்டுவதுபோல இருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "கச்சேரியைக் காதுக்குள்ளயா கேக்கறது, எதிர்ல கேக்கணும்டா" என்றார். அதற்காகத்தான் கிளம்பினேன்.

சனிக்கிழமை மத்தியானம். கடையில் நல்ல கூட்டம். என்ன வேண்டும், எவ்வளவு பட்ஜெட் என்று கேட்டுவிட்டு, கடைப்பையன் மேலே அடுக்கியிருந்த ஒரு ஜோடி பெட்டியை ஓடவிட்டுக் காட்டினான். பேஸ் நிறைய இருக்கும் ஒரு சினிமாப் பாட்டு, முழு சத்தத்தில். வெளியே வண்டி ஹாரன், பக்கத்துக் கடையில் வேறொரு பாட்டு. அந்த இரைச்சலில் நெஞ்சில் வந்து இடிக்கும் பேஸ் ஒன்றுதான் தெரியும், வேறு எதுவும் தெரியாது. எனக்கும் அதுதான் தெரிந்தது. "இதே மாடல்தான் சார், குடோன்ல இருந்து சீல் பீஸ் எடுத்துத் தர்றேன்" என்றார் முதலாளி. ஐந்து நிமிடத்தில் டேப் ஒட்டிய அட்டைப்பெட்டி வந்தது. முதல் ஏமாற்று இங்கேதான். காட்டியது வேறு, கட்டிக் கொடுத்தது வேறு. வெளித்தோற்றம் மட்டும் அச்சு அசல் ஒன்று. கொடுப்பதைப் பிரித்து, அதையே ஓடவிடச் சொல்லாமல் நான் வாங்கிக்கொண்டேன்.

பெட்டி ஜோடி 2,600 ரூபாய். ஆம்ப் 1,150. அடாப்டர் 350. பத்து மீட்டர் ஸ்பீக்கர் வயர் 200. கம்ப்யூட்டரில் இருந்து ஆம்புக்கு இழுக்கும் கேபிள் 100. பில் கேட்டதற்கு, "பில்லுன்னா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி சேரும் சார், எதுக்கு வேஸ்ட்டா? வாரண்டிக்கு நான் இருக்கேன்" என்று ஒரு சின்னத் தாளில் எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார். கடைப் பெயர் இல்லை, முத்திரை இல்லை. யுபிஐயில் பணம் போட்டபோது திரையில் வந்த பெயர்கூடக் கடையின் பெயர் இல்லை, யாரோ ஒரு தனிநபரின் பெயர். அதைப் பார்த்தேன், கேட்கவில்லை.

வீட்டில் இணைத்து முதல் கேசட்டைப் போட்டதும் அப்பாவின் முகத்திலேயே தெரிந்துவிட்டது. "தாளம் எங்க?" என்றார். ஹெட்போனில் கணீரென்று கேட்ட தாளச் சத்தம் இதில் போர்வைக்குள் இருந்து வருவதுபோல மங்கிக் கிடந்தது. தவிலின் தொப்பி பக்கத்துக் கனமும் இல்லை. இன்னொன்றும் இருந்தது. ஒற்றை மைக்கில் பதிந்த கச்சேரி அது. இரண்டு பெட்டிக்கும் போவது ஒரே ஒலி என்பதால், நடுவில் உட்கார்ந்து கேட்டால் நாகஸ்வரம் இரண்டு பெட்டிக்கும் நட்டநடுவே, எதிரில் நின்று வாசிப்பதுபோல இருக்க வேண்டும். இதில் எங்கிருந்து வருகிறது என்றே சொல்ல முடியவில்லை. அறை முழுக்கச் சிதறிக் கிடந்தது.

இரவு அப்பா தூங்கியபின் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

பெட்டியில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்கு மேல் காதை வைத்தேன், சத்தமே இல்லை. ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே பார்த்தால், அதற்கு வயரே போகவில்லை. காந்தமும் இல்லை, கம்பிச்சுருளும் இல்லை. வெள்ளி நிறம் பூசிய பிளாஸ்டிக் வட்டம் ஒன்றைப் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். இரண்டு பெட்டியிலும் இதே கதை. தாளம் எங்கே போனது என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. மேல் ஸ்தாயி ஒலியைத் தர வேண்டிய பாகம் பெட்டியில் இல்லவே இல்லை. கீழ் ஸ்தாயி ஒலியைத் தரும் பெரிய ஸ்பீக்கரான வூஃபருக்குப் பின்னால் கையகலக் காந்தம் தெரிந்தது. அதைப் போர்த்தியிருந்த கறுப்பு ரப்பர் மூடியை நெம்பினால், உள்ளே இருந்த காந்தம் அதில் பாதிகூட இல்லை. மீதி வெறும் இடம்.

ஒலி சிதறியதற்குக் காரணம் வேறு. ஒரு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை எடுத்து, பிளஸ்ஸை ஸ்பீக்கரின் சிவப்பு முனையிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு கணம் தொட்டு எடுத்தால் வூஃபரின் தாள் வெளியே தள்ள வேண்டும். வலது பெட்டியில் தள்ளியது. இடது பெட்டியில் உள்ளே போனது. உள்வயரை மாற்றிப் பற்றவைத்திருக்கிறார்கள். இப்படி இருந்தால் ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். கீழ் ஸ்தாயி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும், நடுவில் நிற்க வேண்டிய ஒலியும் நிற்காது. இதற்கு மட்டும் செலவில்லாத வழி உண்டு. ஒரு பெட்டிக்குப் போகும் வயரை மாற்றிச் செருகினால் போதும். புதிதாக செட் போடுகிறவர்கள் யாரானாலும் இந்த பேட்டரி சோதனையைச் செய்துவிடுங்கள்.

அப்புறம் ஆம்ப். நான் அதிகம் வருத்தப்பட்டது இதில்தான். முகப்பில் 50+50 வாட் என்று அச்சிட்டிருந்தது. உள்ளே டிபிஏ3116 சிப் என்று முதலாளி வாயாலேயே சொன்னார். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்யும் சிப் அது, மலிவு ஆம்ப்களில் நல்ல பெயர் வாங்கியது. அதில் ஒரு சேனலுக்கு (ஒரு பக்கப் பெட்டிக்கு) 50 வாட் வர 4 ஓம் (மின்தடை அளவு) ஸ்பீக்கரும் 21 வோல்ட் அளவில் சப்ளையும் வேண்டும். எனக்குக் கொடுத்ததோ 8 ஓம் பெட்டி, 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர். 12ஐ 2ஆல் பெருக்கினால் 24 வாட். உள்ளே வருவதே 24 என்றால் வெளியே 100 எப்படித் தொடர்ந்து போகும்? கடையிலேயே நின்று போட்டிருக்க வேண்டிய கணக்கு. சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்க்கை எடுத்துப் பார்த்தால் சிப்பும் அது இல்லை. பிஏஎம்8610 என்று எழுதியிருந்தது. சேனலுக்கு 10 வாட் தரும் சிப்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் மேஜைக்கு 10 வாட் தாராளம். சாதாரணப் பெட்டி ஒன்று 1 வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் அளவுக்குச் சத்தம் தரும். 10 வாட் கொடுத்தால் 95. அந்தச் சத்தத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரு கச்சேரி முழுக்க யாரும் கேட்கப்போவதில்லை. ஆக, "இது 10 வாட் ஆம்ப், உங்க ரூமுக்கு இது போதும் சார்" என்று உண்மையைச் சொல்லியே அவர் நல்ல விலைக்கு விற்றிருக்கலாம், நானும் சந்தோஷமாக வாங்கியிருப்பேன். பெரிய எண்ணைப் பார்த்து நாம் மயங்குகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். பெட்டியின் அட்டையில் 3000 வாட் பிஎம்பிஓ (ஒரு கண உச்ச சக்தி) என்று போட்டிருந்ததும் இந்த ரகம்தான். பிஎம்பிஓவுக்கு ஒத்துக்கொள்ளப்பட்ட அளவுமுறை எதுவும் கிடையாது, என்ன எண் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஆர்எம்எஸ் வாட், அதாவது தொடர்ந்து தரும் சக்தி எவ்வளவு, எத்தனை ஓமில், எத்தனை வோல்ட்டில் என்று கேளுங்கள். அதற்கு நேராகப் பதில் சொல்லாத கடையில் வாங்காதீர்கள்.

வயரில் 'சுத்தத் தாமிரம்' என்று அச்சிட்டிருந்தது. கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக அலுமினியம். இரண்டு மீட்டர் தூரத்துக்கு அதனால் சத்தம் கெட்டுவிடாது, திருகும் இடத்தில் சீக்கிரம் ஒடியும். இருப்பதில் சின்னப் பொய் இது.

அடாப்டரை அப்படி விட முடியாது. ஒரு மணி நேரம் ஓடியபின் கையில் பிடிக்க முடியாத சூடு. பிளாஸ்டிக் கருகும் வாடை வேறு. கையில் எடுத்தால் தக்கைபோல இருந்தது, பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை எங்கும் இல்லை. அடாப்டர்களுக்கு இந்தியாவில் பிஐஎஸ் பதிவு கட்டாயம். 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் அதன்மேல் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால், யார் பெயரில், எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று காட்டும். அப்பா கச்சேரியை ஓடவிட்டபடி நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிடுவார். மேஜைக்குக் கீழே மரப்பலகை, பழைய கேசட் அட்டைகள். அதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது. ட்வீட்டர் இல்லாததைக்கூட மன்னித்துவிடுவேன், இதை மன்னிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "கழட்டிட்டீங்களே சார், கழட்டினா வாரண்டி கிடையாது" என்றார் முதலாளி. கழற்றாமல் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பில் இருக்கா?" என்றார். எஸ்டிமேட்டை நீட்டினேன். "இது எங்க கடை எழுத்தே இல்ல" என்றார், அதை எழுதிக் கொடுத்த அவரே. யுபிஐ பதிவைக் காட்டியதும் கொஞ்சம் இறங்கி, இன்னும் 1,200 கொடுத்தால் 'ஒரிஜினல்' ஜோடி தருவதாகச் சொன்னார். மறுத்துவிட்டு வந்தேன்.

வெளியே மூன்று கடை தள்ளி, ரிப்பேர் பார்க்கும் ஒரு பெரியவரிடம் பெட்டியைக் காட்டினேன். புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "டம்மி ட்வீட்டரா தம்பி? வாரத்துக்கு ரெண்டு வருது" என்றார். உண்மையான ட்வீட்டர் இரண்டு, ஒன்று 180 ரூபாய். மல்டிமீட்டரை வைத்து 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் மீட்டரில் ஆறு, ஏழு ஓம் காட்டும் என்று எனக்குக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் 4.7 மைக்ரோ ஃபேரட் நான்-போலார் (பிளஸ், மைனஸ் பேதமில்லாத) கெபாசிட்டர் ஒன்று, 15 ரூபாய். அது இல்லாமல் ட்வீட்டரை நேரே இணைத்தால் கீழ் ஸ்தாயி ஒலி போய் அதை எரித்துவிடும். அந்த மதிப்பு 8 ஓமுக்குச் சுமார் 4,200 ஹெர்ட்ஸில் இருந்து மேலே விடும். பிஐஎஸ் எண் உள்ள 12 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் 450. இடது பெட்டியின் வயரையும் மாற்றிப் பற்றவைத்து, என் போனில் இருந்த அப்பாவின் கச்சேரியையே ஓடவிட்டுக் கேட்க வைத்தார். கேட்காமலே பில்லும் போட்டுக் கொடுத்தார். அந்தப் பத்து வாட் ஆம்பையே வைத்துக்கொள்ளச் சொன்னதும் அவர்தான். "பொய் சொன்னது அட்டைதான், போர்டு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

ஆக, 840 ரூபாய் கூடுதல் செலவு. ஐயாயிரம் என்று நினைத்தது 5,240இல் நின்றது. இந்தப் பணத்துக்குத் தெரிந்த கம்பெனியின் ஆம்ப் உள்ளேயே இருக்கும் இரண்டு பெட்டி ஸ்பீக்கரை பில்லோடு, ஒரு வருட வாரண்டியோடு வாங்கியிருக்கலாம். பற்றவைக்கத் தெரிந்தவர்கள், உள்ளே பார்த்து வாங்கத் தெரிந்தவர்கள் மட்டும் தனித்தனியாக வாங்குங்கள் என்பது இப்போது என் எண்ணம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடப்பில் இருக்கிறது. பில் தர மறுப்பதையே அது முறையற்ற வணிகம் என்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெறக் கெடு எதுவும் பில்லில் எழுதவில்லை என்றால், 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, நீங்களே வாதாடலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். எஸ்டிமேட் தாள், யுபிஐ பதிவு, அட்டைப்பெட்டி, கழற்றும்போது எடுத்த படங்கள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். நான் கழற்றுவதைப் படமெடுத்தேனே தவிர, சீல் பிரிப்பதைப் படமெடுக்கவில்லை. அது இப்போது எனக்குக் குறையாக இருக்கிறது.

நான் 1915இல் புகாரைப் பதிந்து எண் வாங்கியிருக்கிறேன். கடையில் இருந்து இன்னும் பதில் இல்லை. 30 நாள் முடிவதற்குள் பொருளைத் திரும்பப் பெறச் சொல்லிக் கடை முகவரிக்குப் பதிவுத் தபாலும் அனுப்பிவிட்டேன். பதில் வராவிட்டால் ஆணையத்துக்குப் போகிறேன், போனால் என்ன ஆனது என்பதையும் எழுதுகிறேன்.